ரெப்போவுக்குள் நுழைய முடியவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

ரெப்போ என்பது கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடம், அதைப் பராமரிக்கும் கருவி கிட். எஸ்எஸ்எச் (மறையாக்கிய தொலை இணைப்பு) வழியாக க்ளோன் (முழு நகல் எடுப்பது), புல் (மாற்றங்களை இறக்குவது), புஷ் (மாற்றங்களை அனுப்புவது) எது தோற்றாலும் கிட் கடைசியில் காட்டும் வரி ஒன்றேதான்: ‘குட் நாட் ரீட் ஃப்ரம் ரிமோட் ரெப்பாசிட்டரி’. அதன் கீழே, உரிமை இருக்கிறதா, ரெப்போ இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்லி இன்னொரு வாக்கியம். நெட்வொர்க் அறுந்தாலும் இதே வரி, கீ (எஸ்எஸ்எச்சில் உங்களை அடையாளம் காட்டும் ஃபைல்) தவறினாலும் இதே வரி, ரெப்போ பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் இதே வரி. அதை நம்பித் தேட ஆரம்பித்தால் எங்கும் போய்ச் சேர மாட்டீர்கள். உண்மையான காரணம் அதற்கு மேலே இருக்கும் வரியில் இருக்கிறது. டெர்மினலை மேலே உருட்டி அதைப் படியுங்கள்.

ரெப்போவை எட்ட நான்கு வாசல்களைக் கடக்க வேண்டும். சர்வர் வரை போய்ச் சேர்ந்தீர்களா, சர்வர் உங்களை இன்னார் என்று அறிந்ததா, அந்த ஆளுக்கு இந்த ரெப்போ தெரிகிறதா, தெரிந்தாலும் எழுத விடுகிறதா. எந்த வாசலில் நிற்கிறீர்கள் என்று தெரியும் முன்னே புதுக் கீ உருவாக்காதீர்கள், டோக்கனை (கடவுச்சொல்லுக்குப் பதில் சேவை தரும் ரகசிய எழுத்துத் தொடர்) மாற்றாதீர்கள், ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி க்ளோன் செய்யாதீர்கள். நான்காவது வாசலில் நிற்பவர் இரண்டாவது வாசலின் பூட்டை மாற்றிக்கொண்டிருப்பதில்தான் நேரம் அதிகம் வீணாகிறது.

கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் முன் மூன்று கட்டளைகள்

கிட் ரிமோட் -வி

இது ரிமோட்டின் (சர்வரில் இருக்கும் ரெப்போவின்) முகவரியைக் காட்டும். எச்டிடிபிஎஸ் என்று தொடங்குகிறதா, கிட்@ என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். முகவரி எச்டிடிபிஎஸ் என்றால் எஸ்எஸ்எச் கீயை கிட் தொடவே தொடாது, டோக்கன்தான் வேண்டும். எஸ்எஸ்எச் என்றால் டோக்கனால் பயனில்லை. கீயை அக்கவுண்டில் சேர்த்துவிட்டு எச்டிடிபிஎஸ் முகவரியில் புஷ் செய்து, கீ வேலை செய்யவில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. மாற்ற வேண்டுமானால் கிட் ரிமோட் செட்-யூஆர்எல் ஆரிஜின் என்று தட்டி, பின்னால் புது முகவரியைக் கொடுங்கள்.

கிட் எல்எஸ்-ரிமோட் ஆரிஜின்

எதையும் இறக்காமல், எதையும் மாற்றாமல், ரிமோட்டில் உள்ள ப்ராஞ்ச் (கிளை), டேக் (பெயர்க்குறி) பட்டியலை மட்டும் கேட்கிறது. தனியார் ரெப்போவில் பட்டியல் வந்தால் முதல் மூன்று வாசல்களையும் கடந்துவிட்டீர்கள். வாசிக்கும் உரிமை இருக்கிறது.

கிட் புஷ் --டிரை-ரன்

எழுதும் சேவையோடு உண்மையிலேயே இணைந்து பார்க்கிறது, ஆனால் எதையும் அனுப்புவதில்லை. எழுதும் உரிமை இல்லையென்றால் இங்கேயே தெரிந்துவிடும். ஆனால் சர்வரின் ஹூக்குகளும் (புஷ் வரும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்ட்கள்) ப்ராஞ்ச் பாதுகாப்பு விதிகளும் இதில் ஓடுவதில்லை. அதனால் டிரை-ரன் வெற்றியடைந்து, உண்மையான புஷ் மறுக்கப்பட்டால் சிக்கல் பெரும்பாலும் கீயிலோ டோக்கனிலோ இல்லை. நான்காவது வாசலின் விதிகளில் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவாக்கிவிடலாம். கிட் கான்ஃபிக்கில் இருக்கும் யூசர்.நேம், யூசர்.ஈமெயில் இரண்டும் கமிட்டில் (சேமித்த மாற்றத் தொகுப்பில்) பதியும் பெயர்கள் மட்டுமே. உள்ளே விடுவதா வேண்டாமா என்பதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அவற்றை மாற்றி அணுகல் சிக்கலைத் தீர்க்க முடியாது.

அறிகுறி: ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’, அல்லது நெடுநேரம் அசையாமல் நிற்கிறது

முதல் வாசல். எஸ்எஸ்எச் 22ஆம் போர்ட்டில் பேசுகிறது. பல அலுவலக, பொது வைஃபை நெட்வொர்க்குகள் அதை அடைத்து வைத்திருக்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் இணைந்து அதே கட்டளையை ஓட்டிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் ஃபயர்வால்தான் காரணம்.

ரெப்போக்களை வைத்திருக்கும் பெரிய சேவைகள் 443ஆம் போர்ட்டிலும் எஸ்எஸ்எச் தருகின்றன, ஆனால் வேறு ஹோஸ்ட் பெயரில்: கிட்ஹப்புக்கு எஸ்எஸ்எச்.கிட்ஹப்.காம், கிட்லேபுக்கு ஆல்ட்எஸ்எஸ்எச்.கிட்லேப்.காம், பிட்பக்கெட்டுக்கு ஆல்ட்எஸ்எஸ்எச்.பிட்பக்கெட்.ஆர்க். ஹோம் டைரக்டரியில் .எஸ்எஸ்எச் ஃபோல்டருக்குள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் இப்படிச் சேருங்கள்:

ஹோஸ்ட் கிட்ஹப்.காம்
ஹோஸ்ட்நேம் எஸ்எஸ்எச்.கிட்ஹப்.காம்
போர்ட் 443
யூசர் கிட்

ரிமோட் முகவரியை மாற்ற வேண்டியதில்லை. முதல் முறை இணையும்போது ஹோஸ்ட் கீயை ஏற்கச் சொல்லிக் கேட்கும், ஏனென்றால் பெயரும் போர்ட்டும் புதியவை.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்பது வேறு விஷயம். பெரும்பாலும் எந்திரம் பதில் சொல்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சொந்த சர்வராக இருந்தால் எஸ்எஸ்எச் சேவை நின்றிருக்கிறது அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது. ‘குட் நாட் ரிசால்வ் ஹோஸ்ட்’ என்றால் பெயரே கிடைக்கவில்லை: எழுத்துப் பிழை, அல்லது விபிஎன் இணைக்கப்படவில்லை.

எச்டிடிபிஎஸ்ஸில் இதே வாசல் ‘எஸ்எஸ்எல் சர்ட்டிஃபிகேட் ப்ராப்ளம்’ என்ற முகத்தோடு வரும். நிறுவனத்தின் ப்ராக்ஸி நடுவில் நின்று டிராஃபிக்கைத் திறந்து பார்த்து, தன் சொந்த சான்றிதழை நீட்டும்போது கிட் அதை நம்புவதில்லை. ப்ரவுசரில் அதே முகவரி திறக்கிறதே என்று குழம்ப வேண்டாம். ப்ரவுசர் விண்டோஸின் சான்றிதழ்க் கிடங்கைப் பார்க்கிறது, கிட் தன்னோடு வந்த ஃபைலைப் பார்க்கிறது. விண்டோஸில் கிட் கான்ஃபிக் --குளோபல் எச்டிடிபி.எஸ்எஸ்எல்பேக்எண்ட் எஸ்சேனல் என்று கொடுத்தால் கிட்டும் விண்டோஸ் கிடங்கையே பார்க்கும். மற்ற இடங்களில் நிறுவனத்தின் ரூட் சான்றிதழை வாங்கி எச்டிடிபி.எஸ்எஸ்எல்சிஏஇன்ஃபோவில் அதன் பாதையைக் கொடுங்கள். எஸ்எஸ்எல்வெரிஃபையை ஃபால்ஸ் ஆக்கும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். அதைச் செய்யாதீர்கள்: டோக்கனை யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்காமலே கொடுப்பதாகும். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று வந்தால் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். விர்ச்சுவல் மெஷின்களில் கடிகாரம் பின்தங்குவது சாதாரணம்.

அறிகுறி: ‘பெர்மிஷன் டினைட், பப்ளிக்கீ’

சர்வர் வரை போய்விட்டீர்கள். இது இரண்டாவது வாசல். நீங்கள் எந்தக் கீயையும் நீட்டவில்லை, அல்லது நீட்டிய எதையும் சர்வர் ஏற்கவில்லை. இரண்டில் எது என்று இந்தக் கட்டளை காட்டிவிடும்:

எஸ்எஸ்எச் -விடி கிட்@கிட்ஹப்.காம்

வி சின்ன எழுத்து, டி பெரிய எழுத்து. யூசர் பெயர் எப்போதும் கிட்தான். உங்கள் அக்கவுண்ட் பெயரை அங்கே போட்டால் கீ சரியாக இருந்தாலும் மறுக்கப்படும். நீண்ட வெளியீட்டில் ‘ஆஃபரிங் பப்ளிக் கீ’, ‘சர்வர் அக்செப்ட்ஸ் கீ’ என்ற இரண்டு சொற்றொடர்களை மட்டும் தேடுங்கள்.

‘ஆஃபரிங்’ வரியே இல்லையென்றால் எஸ்எஸ்எச்சுக்கு உங்கள் கீ கிடைக்கவில்லை. அது ஐடி_ஆர்எஸ்ஏ, ஐடி_இடி25519 போன்ற சில வழக்கமான பெயர்களை மட்டுமே தானாகத் தேடும். ‘ஐடென்டிட்டி ஃபைல்’ வரிகளின் முடிவில் டைப் -1 என்றிருந்தால் பெரும்பாலும் அந்தப் பெயரில் ஃபைல் இல்லை என்று பொருள். கீக்கு வேறு பெயர் வைத்திருந்தால் கான்ஃபிக்கில் ஐடென்டிட்டிஃபைல் வரியில் முழுப் பாதையைக் கொடுங்கள். முன்னால் சூடோ (ரூட் எனும் நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை) போட்டு ஓட்டினாலும் இதே நிலைதான். அப்போது ரூட்டின் ஹோம் டைரக்டரியில் கீயைத் தேடும். கிட்டுக்கு சூடோ வேண்டாம். அது பின்னால் வேறொரு தொல்லைக்கும் காரணமாகிறது.

‘ஆஃபரிங்’ இருக்கிறது, ‘அக்செப்ட்ஸ்’ இல்லை என்றால் அந்தக் கீ சர்வரில் பதிவாகவில்லை. அந்த வரியிலேயே எஸ்எச்ஏ256 என்று தொடங்கும் கைரேகை (கீயின் சுருக்க அடையாளம்) இருக்கும். அக்கவுண்டின் செட்டிங்ஸில் எஸ்எஸ்எச் கீ பக்கத்தில் காட்டும் கைரேகையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கீயின் தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய லேப்டாப்பின் கீக்கும் அதே தலைப்பு இருக்கலாம். ஓராண்டு பயன்படாமல் கிடக்கும் கீயை கிட்ஹப் தானாகவே நீக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நெடுநாள் கழித்து ஒரு ப்ராஜெக்டைத் திறக்கும்போது ‘போன வருஷம் வேலை செய்ததே’ என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘அக்செப்ட்ஸ்’ வந்த பிறகும் தோற்றால் பப்ளிக் கீ பொருந்துகிறது, ஆனால் உங்கள் பக்கம் கையொப்பமிட முடியவில்லை. பாஸ்ஃப்ரேஸ் (கீயைத் திறக்கும் கடவுச்சொல்) தவறு, அல்லது ஏஜென்ட் (கீயை நினைவில் வைத்திருக்கும் நிரல்) மறுக்கிறது. எஸ்எஸ்எச்-ஆட் -எல் என்று கேளுங்கள். ‘தி ஏஜென்ட் ஹேஸ் நோ ஐடென்டிட்டீஸ்’ என்றால் ஏஜென்ட் ஓடுகிறது, கீ ஏற்றப்படவில்லை. எஸ்எஸ்எச்-ஆட் கொடுத்துப் பாதையைச் சொல்லுங்கள். ஏஜென்டோடு இணையவே முடியவில்லை என்றால் அது ஓடவில்லை. மேக்கில் மறுதொடக்கத்துக்குப் பிறகு பாஸ்ஃப்ரேஸ் மறந்துபோகாமல் இருக்க கான்ஃபிக்கில் யூஸ்கீசெயின் யெஸ், ஆட்கீஸ்டுஏஜென்ட் யெஸ் என்ற இரு வரிகளும் வேண்டும்.

விண்டோஸில் ஒரு பொறி இருக்கிறது. அங்கே இரண்டு எஸ்எஸ்எச் இருக்கும்: விண்டோஸோடு வரும் ஓப்பன்எஸ்எஸ்எச் ஒன்று, கிட் ஃபார் விண்டோஸ் தன்னோடு கொண்டுவருவது இன்னொன்று. கிட்டின் எஸ்எஸ்எச் விண்டோஸ் ஏஜென்டோடு பேசாது. அதனால் பவர்ஷெல்லில் எஸ்எஸ்எச் சோதனை வெற்றி, கிட் புஷ் மட்டும் தோல்வி என்ற விசித்திரம் நடக்கும். கோர்.எஸ்எஸ்எச்கமாண்ட் என்ற கான்ஃபிக்கில், விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் இருக்கும் எஸ்எஸ்எச்.இஎக்ஸ்இ பாதையைக் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகும். பாதையில் முன்சாய்வுக் கோடுகளையே பயன்படுத்துங்கள். புட்டி என்ற வேறொரு எஸ்எஸ்எச் நிரலைப் பயன்படுத்துபவர்கள் கிட்_எஸ்எஸ்எச் என்ற சூழல் மாறி அதன் பிளிங்கைச் சுட்டுகிறதா என்று பாருங்கள். சுட்டினால் கீ பிபிகே வடிவில்தான் இருக்க வேண்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் சில:

‘அன்ப்ரொடெக்டெட் ப்ரைவேட் கீ ஃபைல்’ என்று பெட்டி கட்டி எச்சரித்தால், கீ ஃபைலை மற்றவர்களும் படிக்க முடிகிறது. எஸ்எஸ்எச் அதைப் புறக்கணித்துவிடும். கீக்கு சிஎச்மாட் (உரிமையை மாற்றும் கட்டளை) 600, .எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700. டபிள்யூஎஸ்எல்லில் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸில்) சி ட்ரைவில் இருக்கும் ஃபைலுக்கு இந்தக் கட்டளை வழக்கமாக ஒட்டாது. கீயை லினக்ஸ் ஹோமுக்குள் நகல் எடுத்துவிட்டு அங்கே 600 கொடுங்கள்.

‘டூ மெனி ஆத்தென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்’ என்றால் ஏஜென்டில் கீகள் அதிகம். எஸ்எஸ்எச் ஒவ்வொன்றாக நீட்டிப் பார்க்கிறது. சர்வரின் வழக்கமான வரம்பு 6 முயற்சிகள். சரியான கீயின் முறை வருவதற்குள் கதவு சாத்தப்படுகிறது. அந்த ஹோஸ்டுக்கு ஐடென்டிட்டிஃபைல் வரியோடு ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ் சேருங்கள்.

‘நோ மியூச்சுவல் சிக்னேச்சர்’ என்பது பழைய சர்வரும் புதிய கிளையண்டும் சந்திக்கும் இடத்தில் வரும். ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 வெளியானது 2021இல். அதிலிருந்து எஸ்எச்ஏ-1 கொண்டு ஒப்பமிடும் பழைய ஆர்எஸ்ஏ முறை இயல்பாக நிறுத்தப்பட்டது. ஆர்எஸ்ஏ கீ கெட்டுப்போகவில்லை, எஸ்எச்ஏ-2 ஒப்பம் தெரிந்த சர்வரில் அது இன்னும் செல்லும். நிரந்தரத் தீர்வு சர்வரைப் புதுப்பிப்பது. அதுவரை எஸ்எஸ்எச்-கீஜென் -டி இடி25519 என்று ஒரு புதுக் கீ உருவாக்கினால் பெரும்பாலான சர்வர்கள் ஏற்கும். புதுக் கீ உண்மையில் தேவைப்படும் சில இடங்களில் இது ஒன்று.

கிட்@ என்ற பெயருக்குக் கடவுச்சொல் கேட்டால் தட்ட முயலாதீர்கள். கீ எதுவும் பொருந்தாததால் சர்வர் அடுத்த வழிக்குப் போயிருக்கிறது. பகிர்ந்த ரெப்போ சேவைகளில் கிட் யூசருக்குக் கடவுச்சொல் கிடையாது. சொந்த சர்வராக இருந்தால் அங்கே எஸ்எஸ்எச் சேவையின் பதிவை (லாக்) பாருங்கள். ‘பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்’ என்று இருந்தால் கிட் யூசரின் ஹோம் டைரக்டரியில் குழுவினருக்கும் எழுதும் உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறது. யாரோ ஹோமுக்கு 775 கொடுத்தாலே போதும், அத்தனை டெவலப்பர்களின் கீயும் ஒரே நேரத்தில் செல்லாமல் போகும். ஒருவருக்கு மட்டும் என்றால், ஆத்தரைஸ்ட்_கீஸ் ஃபைலில் அவருடைய கீ ஒரே வரியில் இருக்கிறதா, ஒட்டும்போது நடுவில் உடைந்துவிட்டதா என்று பாருங்கள்.

அறிகுறி: ‘ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்ச்ட்’

சர்வரின் அடையாளம் நீங்கள் முன்பு சேமித்ததோடு பொருந்தவில்லை. சர்வரை மறுபடி நிறுவியிருக்கலாம். நடுவில் யாரோ நிற்கலாம். இரண்டும் ஒரே செய்தியைத்தான் தரும். உண்மையான மாற்றத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு: கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீ ஒரு பொது ரெப்போவில் சிறிது நேரம் வெளியானதால் 2023 மார்ச் 24 அன்று அதை மாற்றியது. அன்று ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீயைச் சேமித்திருந்த எல்லோருக்கும் இந்த எச்சரிக்கை வந்தது.

சேவையின் அதிகாரப்பூர்வ ஆவணப் பக்கத்தில் இருக்கும் கைரேகையை, அல்லது சொந்த சர்வரென்றால் அட்மினிடம் நேரடியாகக் கேட்ட கைரேகையை, திரையில் தெரிவதோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் எஸ்எஸ்எச்-கீஜென் -ஆர் கிட்ஹப்.காம் என்று பழையதை நீக்குங்கள். ஆர் பெரிய எழுத்து. ஸ்ட்ரிக்ட்ஹோஸ்ட்கீசெக்கிங்கை நோ ஆக்குவது சரிபார்ப்பையே தூக்கி எறிவது. சிஐ (தானியங்கி சோதனை) ஸ்கிரிப்ட்களில் அந்த வரி சர்வசாதாரணமாகக் கிடக்கிறது. அங்கே சரியான வழி, சரிபார்த்த ஹோஸ்ட் கீயை நோன்_ஹோஸ்ட்ஸ் ஃபைலில் முன்கூட்டியே போட்டு வைப்பது.

அறிகுறி: எச்டிடிபிஎஸ்ஸில் ‘ஆத்தென்டிகேஷன் ஃபெயில்ட்’

கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்கு அக்கவுண்ட் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. கிட்லேபில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கியிருந்தால் அங்கேயும் கடவுச்சொல் செல்லாது. ‘எச்டிடிபி பேசிக்: ஆக்செஸ் டினைட்’ என்று வரும். கடவுச்சொல் கேட்கும் இடத்தில் பர்சனல் ஆக்செஸ் டோக்கனைத்தான் ஒட்ட வேண்டும். ஒட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, அது பிழையல்ல.

டோக்கன் கொடுத்தும் தோற்றால், அல்லது எதையும் கேட்காமலே தோற்றால், சேமித்து வைத்த பழைய டோக்கன் முந்திக்கொள்கிறது. விண்டோஸில் கிரெடென்ஷியல் மேனேஜருக்குள் கிட்: என்று தொடங்கும் பதிவை நீக்குங்கள். மேக்கில் கீசெயின் ஆக்செஸில் ஹோஸ்ட் பெயரைத் தேடி நீக்குங்கள். லினக்ஸில் கிட் கான்ஃபிக் --கெட்-ஆல் கிரெடென்ஷியல்.ஹெல்பர் என்று கேட்டால் எங்கே சேமிக்கிறது என்று தெரியும். பதில் ஸ்டோர் என்று வந்தால் டோக்கன் ஹோமில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் திறந்து கிடக்கிறது.

டோக்கன் ஏற்கப்பட்டும் வேலை நடக்கவில்லை என்றால் ஸ்கோப்பை (டோக்கனுக்குக் கொடுத்த உரிமைகளின் வரம்பை) பாருங்கள். கிட்லேபில் வாசிக்க ரீட்_ரெப்பாசிட்டரி, எழுத ரைட்_ரெப்பாசிட்டரி. கிட்ஹப்பின் பழைய வகை டோக்கனுக்கு ரெப்போ ஸ்கோப். ஒர்க்ஃப்ளோ ஃபைல்களைத் தொட்டு புஷ் செய்தால் ஒர்க்ஃப்ளோ ஸ்கோப்பும் வேண்டும். மற்ற புஷ் எல்லாம் போகிறது, ஒரு கமிட் மட்டும் போகவில்லை என்றால் அந்தக் கமிட் .கிட்ஹப் ஃபோல்டருக்குள் இருக்கும் ஒர்க்ஃப்ளோ ஃபைல் எதையாவது மாற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: ‘ரெப்பாசிட்டரி நாட் ஃபவுண்ட்’, ஆனால் ரெப்போ இருக்கிறது

மூன்றாவது வாசல். மிக அதிகமாகக் குழப்புவதும் இதுதான். தனியார் ரெப்போ ஒன்று இருக்கிறது என்ற தகவலையே உரிமை இல்லாதவருக்குத் தரக் கூடாது என்பதால் சேவைகள் 403க்கு (அனுமதி இல்லை) பதில் 404 (அப்படி ஒன்று இல்லை) தருகின்றன. ஆகவே ‘இல்லை’ என்ற பதிலை ‘இல்லை, அல்லது உனக்கில்லை’ என்று படியுங்கள்.

முகவரியின் எழுத்துகளைப் பார்த்துவிட்டு, அடுத்ததாகச் சர்வர் உங்களை யாரென்று நினைக்கிறது என்று பாருங்கள். எஸ்எஸ்எச் -டி கிட்@கிட்ஹப்.காம் (டி பெரிய எழுத்து) என்று கேட்டால் ‘ஹாய்’ என்று சொல்லி அக்கவுண்ட் பெயரைக் காட்டும். கிட்லேப் ‘வெல்கம் டு கிட்லேப்’ என்று சொல்லிப் பெயரைக் காட்டும். ஷெல் அணுகல் தருவதில்லை என்று கூடவே வருவது பிழையல்ல. அந்தப் பெயர் நீங்கள் எதிர்பார்த்ததுதானா? சொந்த அக்கவுண்ட், அலுவலக அக்கவுண்ட் இரண்டும் வைத்திருப்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இங்கேயே கிடைத்துவிடும். அலுவலக ரெப்போவைச் சொந்தக் கீயோடு தட்டுகிறீர்கள்.

ஒரு கீயை ஒரே ஓர் அக்கவுண்டில்தான் சேர்க்க முடியும். இரண்டு அக்கவுண்டுக்கு இரண்டு கீ வேண்டும். கான்ஃபிக்கில் ஒரு மாற்றுப் பெயர் கொடுங்கள்:

ஹோஸ்ட் கிட்ஹப்-ஆபீஸ்
ஹோஸ்ட்நேம் கிட்ஹப்.காம்
யூசர் கிட்
ஐடென்டிட்டிஃபைல் ~/.எஸ்எஸ்எச்/ஆபீஸ்_கீ
ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்

பிறகு ரிமோட் முகவரியில் கிட்ஹப்.காம் இருக்கும் இடத்தில் கிட்ஹப்-ஆபீஸ் என்று மாற்றுங்கள். கடைசி வரியை விட்டுவிட்டால் ஏஜென்டில் இருக்கும் வேறு கீ முதலில் நீட்டப்பட்டு, அதுவும் செல்லுபடியான கீ என்பதால் சர்வர் அதையே ஏற்றுக்கொள்ளும். சரியான கீயின் முறை வரவே வராது. எச்டிடிபிஎஸ்ஸில் இதே பிரிப்புக்கு முகவரிக்குள்ளேயே அக்கவுண்ட் பெயரையும் @ குறியையும் ஹோஸ்டுக்கு முன்னால் சேருங்கள்.

பெயர் சரி என்றால் அழைப்பைப் பாருங்கள். கிட்ஹப்பில் அழைப்பு அனுப்பியதும் உரிமை வந்துவிடாது. ஏற்க வேண்டும், 7 நாளில் காலாவதியாகும். ‘சேர்த்தாச்சு’ என்று அட்மின் சொல்வதும், ‘தெரியவில்லை’ என்று நீங்கள் சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்கும்.

நிறுவனம் சாமல் ஒற்றை உள்நுழைவை (நிறுவன அக்கவுண்ட் ஒன்றாலேயே எல்லாச் சேவைகளிலும் நுழையும் முறை) வைத்திருந்தால் ப்ரவுசரில் ரெப்போ தெரியும், டெர்மினலில் தெரியாது. எஸ்எஸ்எச் கீயையும் பழைய வகை டோக்கனையும் அந்த நிறுவனத்துக்கென்று தனியாக அங்கீகரிக்க வேண்டும். கீ, டோக்கன் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கான்ஃபிகர் எஸ்எஸ்ஓ என்ற பொத்தான் அதற்குத்தான்.

அறிகுறி: புல் ஆகிறது, புஷ் ஆகவில்லை

நான்காவது வாசல். ‘பெர்மிஷன் டு’ என்று தொடங்கி ரெப்போ பெயரும், ‘டினைட் டு’ என்று ஓர் அக்கவுண்ட் பெயரும் 403ஓடு வந்தால் முதலில் அந்த அக்கவுண்ட் பெயரைப் படியுங்கள். உங்களுடையது இல்லையென்றால் மேலே சொன்ன இரண்டு அக்கவுண்ட் சிக்கல். உங்களுடையதே என்றால் உங்களுக்குக் கொடுத்த பங்கு (ரோல்) போதவில்லை. கிட்ஹப்பில் ரீட், ட்ரியாஜ் இரண்டுக்கும் எழுதும் உரிமை இல்லை, ரைட்டிலிருந்துதான் உண்டு. கிட்லேபில் ரிப்போர்ட்டர் வாசிக்கலாம், டெவலப்பரிலிருந்து எழுதலாம். டிப்ளாய் கீ (அக்கவுண்டுக்கு அல்லாமல் ஒரு ரெப்போவுக்கு மட்டும் சேர்க்கும் கீ) என்றால் சேர்க்கும்போது எழுதும் உரிமைக்கான பெட்டியைத் தனியாக டிக் செய்திருக்க வேண்டும். இயல்பாக அது வாசிக்க மட்டும்.

‘ரிமோட் ரிஜெக்டட்’ என்று வந்து பக்கத்தில் ‘ப்ரொடெக்டட் ப்ராஞ்ச்’ அல்லது ‘ப்ரீ-ரிசீவ் ஹூக் டிக்லைன்ட்’ என்றிருந்தால் உங்களுக்கு எழுதும் உரிமை இருக்கிறது, அந்த ப்ராஞ்சுக்கு மட்டும் இல்லை. கிட்லேபில் முதன்மை ப்ராஞ்சுக்கு இயல்பாக மெயின்டெய்னர்தான் நேரடியாகப் புஷ் செய்ய முடியும். வேறு ப்ராஞ்சுக்குப் புஷ் செய்து மெர்ஜ் கோரிக்கை வையுங்கள். அட்மினிடம் விதியைத் தளர்த்தச் சொல்ல வேண்டாம்.

ஹூக் மறுப்பில் ‘ரிமோட்:’ என்று தொடங்கும் வரிகளைக் கட்டாயம் படியுங்கள். 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை கிட்ஹப் மறுக்கும், கமிட்டில் டோக்கன் போன்ற ரகசியம் இருந்தாலும் மறுக்கலாம், மறைத்து வைத்த மின்னஞ்சல் கமிட்டில் வெளிப்பட்டாலும் மறுக்கலாம். இவை எதுவும் அணுகல் சிக்கல் அல்ல. வெறும் ‘ரிஜெக்டட், நான்-ஃபாஸ்ட்-ஃபார்வர்ட்’ என்பதும் அப்படியே. பெரும்பாலும் உங்களுக்கு முன் வேறொருவர் புஷ் செய்திருக்கிறார், அதை ஃபெட்ச் செய்து உங்கள் வேலையோடு இணைத்துவிட்டு வாருங்கள். ஃபோர்ஸ் போடாதீர்கள்.

அறிகுறி: சொந்த சர்வரில் பலர் பகிரும் ரெப்போ, சில நேரம் மட்டும் புஷ் தோற்கிறது

‘அனேபிள் டு மைக்ரேட் ஆப்ஜெக்ட்ஸ் டு பர்மனென்ட் ஸ்டோரேஜ்’ என்று வரும், பழைய கிட் உள்ள சர்வரில் ‘இன்சஃபிஷியன்ட் பெர்மிஷன் ஃபார் ஆடிங் அன் ஆப்ஜெக்ட்’ என்று வரும். காலையில் புஷ் போனது, மதியம் போகவில்லை, இன்னொருவருக்குப் போகிறது. மர்மம் போலத் தெரிந்தாலும் காரணம் தெளிவானது. ஒவ்வொரு ஆப்ஜெக்டின் (கிட் சேமிக்கும் ஒரு துண்டின்) ஹாஷில் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட பெயரில்) முதல் இரண்டு எழுத்துகள் எதுவோ, ஆப்ஜெக்ட்ஸுக்குள் அந்தப் பெயருள்ள டைரக்டரியில்தான் அது சேமிக்கப்படும். 00 முதல் எஃப்எஃப் வரை மொத்தம் 256. ஒருவர் புஷ் செய்தபோது உருவான டைரக்டரி அவருக்கு மட்டும் எழுதும் உரிமையோடு இருந்தால், உங்கள் ஆப்ஜெக்டின் ஹாஷ் அதே இரண்டு எழுத்தில் தொடங்கும்போது மட்டும் நீங்கள் மாட்டுவீர்கள். 100 ஆப்ஜெக்டுக்கும் மேல் கொண்ட பெரிய புஷ் பேக் ஃபைலாக வேறிடத்தில் போய்ச் சேருவதால், பெரியது போய்ச் சிறியது தோற்பதும் நடக்கும். ஆப்ஜெக்ட்ஸ் டைரக்டரிக்கே எழுதும் உரிமை இல்லையென்றால் செய்தி வேறு: தற்காலிக ஆப்ஜெக்ட் டைரக்டரியை உருவாக்க முடியவில்லை என்று, எப்போதும், எல்லாப் புஷ்ஷுக்கும் வரும்.

பெரும்பாலும் மூல காரணம் சர்வரில் யாரோ ரெப்போவுக்குள் சூடோ கிட் என்று ஓட்டியது, அல்லது தொடக்கத்திலேயே பகிர்வு அமைப்பு இல்லாமல் உருவாக்கியது. ரெப்போ டைரக்டரிக்குள் நின்று ஃபைண்ட் . -யூசர் ரூட் என்று தேடினால் முதல் வகை உடனே தெரியும். சரிசெய்யும் வரிசை, டெவ்ஸ் என்பது குழுவின் பெயர் என்று கொண்டால்:

சிஎச்ஜிஆர்பி -ஆர் டெவ்ஸ் .
சிஎச்மாட் -ஆர் ஜி+ஆர்டபிள்யூஎக்ஸ் .
ஃபைண்ட் . -டைப் டி -எக்செக் சிஎச்மாட் ஜி+எஸ் {} +
கிட் கான்ஃபிக் கோர்.ஷேர்ட்ரெப்பாசிட்டரி குரூப்

இரண்டு -ஆரும் பெரிய எழுத்து. ஜி+ என்பதற்குப் பின் ஆர், டபிள்யூ சின்ன எழுத்து, எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து. பெரிய எக்ஸ் டைரக்டரிகளுக்கும் ஏற்கெனவே இயங்கும் உரிமை உள்ள ஃபைல்களுக்கும் மட்டும் அதைக் கொடுக்கும். மூன்றாவது வரிதான் பலர் விட்டுவிடுவது: அது இல்லாவிட்டால் புதிதாக உருவாகும் டைரக்டரி புஷ் செய்தவரின் சொந்தக் குழுவுக்குப் போய், சில வாரங்களில் அதே சிக்கல் திரும்பும். நான்காவது வரி கிட்டே புது ஃபைல்களுக்குக் குழு உரிமை கொடுக்கச் செய்கிறது. புதிய ரெப்போவை கிட் இனிட் --பேர் --ஷேர்ட்=குரூப் என்று தொடங்கினால் இந்த அமைப்பு முதலிலிருந்தே இருக்கும்.

புதியவரைக் குழுவில் சேர்த்த பிறகும் அவருக்கு எழுத முடியவில்லையா? அவருடைய திறந்திருக்கும் செஷன் பழைய குழுப் பட்டியலோடு ஓடுகிறது. ஐடி என்று மட்டும் தட்டினால் செஷனின் குழுக்கள், ஐடி என்று தட்டிப் பெயரையும் கொடுத்தால் பதிவில் உள்ள குழுக்கள். இரண்டும் வேறுபட்டால் முழுவதும் வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும்.

‘டிடெக்டட் டூபியஸ் ஓனர்ஷிப்’ என்பது 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2 முதல் இருக்கும் பாதுகாப்பு. வேறொருவருக்குச் சொந்தமான ரெப்போவின் கான்ஃபிக்கும் ஹூக்கும் உங்கள் பெயரில் ஓடிவிடக் கூடாது என்பதே நோக்கம். நம்பும் ரெப்போவின் முழுப் பாதையை கிட் கான்ஃபிக் --குளோபல் --ஆட் சேஃப்.டைரக்டரி என்று சேருங்கள். ரெப்போவின் சொந்த கான்ஃபிக்கில் எழுதினால் கிட் அதைப் பொருட்படுத்தாது. பாதைக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் எல்லாமே திறந்துவிடும்; பலர் பகிரும் எந்திரத்தில் அதைச் செய்யாதீர்கள்.

அறிகுறி: முதன்மை ரெப்போ வருகிறது, சப்மாட்யூல் வரவில்லை

சப்மாட்யூல் என்பது ஒரு ரெப்போவுக்குள் இணைக்கப்பட்ட தனி ரெப்போ. அதற்குத் தனி உரிமை வேண்டும். .கிட்மாட்யூல்ஸ் ஃபைலைத் திறந்து முகவரியைப் பாருங்கள். நீங்கள் எஸ்எஸ்எச்சில் இருக்க, அங்கே எச்டிடிபிஎஸ் முகவரி எழுதப்பட்டிருக்கலாம். ஒரே சேவையில் இருக்கும் ரெப்போக்களுக்கு இரண்டு புள்ளியில் தொடங்கும் சார்புப் பாதை நல்லது. முதன்மை எப்படி இணைகிறதோ அப்படியே சப்மாட்யூலும் இணையும். முகவரியை மாற்றியதும் கிட் சப்மாட்யூல் சிங்க் ஓட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பழைய முகவரியே உங்கள் பிரதியில் இருக்கும்.

சிஐயில் மட்டும் தோற்றால், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் கொடுக்கும் இயல்பான டோக்கன் அது ஓடும் ரெப்போவுக்கு மட்டுமே என்பதே பெரும்பாலும் காரணம். வேறு தனியார் ரெப்போவுக்குத் தனி டோக்கனோ டிப்ளாய் கீயோ கொடுங்கள். ஒரு டிப்ளாய் கீயை ஒரே ரெப்போவில்தான் பதிய முடியும். மூன்று சப்மாட்யூல் என்றால் மூன்று கீ.

அட்மினிடம் கேட்கும்போது

‘ஆக்செஸ் இல்லை’ என்று மட்டும் எழுதினால் பதிலுக்கு ஆறு கேள்விகள் வரும். ஓட்டிய கட்டளை, மேலிருந்து கீழ் வரை முழு வெளியீடு, கிட் ரிமோட் -வி காட்டியது, சர்வர் உங்களை அழைத்த அக்கவுண்ட் பெயர், எஸ்எஸ்எச்-கீஜென் -எல்எஃப் கொடுத்து எடுத்த பப்ளிக் கீயின் கைரேகை, நேர மண்டலத்தோடு தோற்ற நேரம். இவ்வளவும் இருந்தால் அட்மின் சர்வர் பதிவில் உங்கள் முயற்சியை நேரடியாகக் கண்டுபிடித்துவிடுவார். முகவரிக்குள்ளேயே டோக்கன் எழுதியிருந்தால் ரிமோட் -வி அதையும் காட்டும். அனுப்பும் முன் அழியுங்கள். ப்ரைவேட் கீயை யாருக்கும், எந்தக் காரணத்துக்கும் அனுப்ப வேண்டாம். டோக்கனோ ப்ரைவேட் கீயோ தவறிப்போய் ஒரு சாட்டிலோ டிக்கெட்டிலோ விழுந்துவிட்டால் செய்தியை நீக்குவதோடு நிற்காமல், அந்தக் கணமே செட்டிங்ஸுக்குப் போய் அதை ரத்து செய்துவிட்டுப் புதியது எடுங்கள்.